இருபது நிமிடத் தண்ணீர்

சனிக்கிழமைகளில் பானுப்பிரியாவுக்கு வகுப்பு பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். விருதுநகர் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு அது இரண்டாம் ஆண்டு. விடுதியில் உடன் இருக்கிற பிள்ளைகள் துணி துவைக்கவோ, பஸ் பிடித்து மதுரைக்குப் படம் பார்க்கவோ கிளம்புகிற நேரத்தில், இவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஆன பிறகு அவசர சிகிச்சையிலேயே மேல்படிப்பு படிப்பது என்று முதல் வருஷமே முடிவு செய்திருந்தாள். அதற்கு இன்னும் நாலு வருஷத்துக்குக் குறையாமல் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நுழைவுத் தேர்வும் இருந்தது. ஆனாலும் இப்போதே போய் நின்று பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். ஓரமாக நிற்கலாம், எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்திருந்தது.

முதல் சனிக்கிழமையே அவளால் நிற்க முடியவில்லை. சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து முழங்கை வரை வெந்துபோன ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ரத்தத்துக்கும் அலறலுக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். அந்த மனிதர் அலறவே இல்லை. ஆனால் அவர் சட்டையிலிருந்து கந்தகமும் வெடியுப்பும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை வந்தது. அவளுடைய அம்மா மாடத்தி சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கூடவே வருகிற வாசனை அது. பானு சத்தமில்லாமல் வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் வீரலட்சுமி சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பிரிவில் பல வருஷமாக இருக்கிற நர்ஸ். கனத்த உடம்பு, சன்னமான குரல்.

"என்னளா, வாந்தி வருதா?"

"இல்ல சிஸ்டர்."

"பின்ன?"

"எங்கம்மா வாசனை அடிச்சுது."

சிஸ்டர் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்கவில்லை. குழாயைத் திறந்து தன் கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த வாரமும் வருவியா?" என்றார்.

"வருவேன் சிஸ்டர்."

"அப்ப சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வந்து எங்கிட்ட நிக்காத."

அடுத்த வாரம் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். வருகிறவர்களை வாசலிலேயே பார்த்து, காத்திருக்க முடியாதவர்களைச் சிவப்புப் பக்கமும், கொஞ்சம் பொறுக்கக்கூடியவர்களை மஞ்சள் பக்கமும், நடந்தே போகக்கூடியவர்களைப் பச்சைப் பக்கமும் அனுப்புவார்கள். யாரை எங்கே அனுப்புவார்கள் என்று பானு மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பாள். தப்பானால் ஏன் தப்பானது என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். விடுதியில் தலையணையைக் கட்டிலில் போட்டு, நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கிற பயிற்சியை நிமிஷத்துக்கு நூறு வீதம் எண்ணி எண்ணிச் செய்வாள். அறைத் தோழி ஒருத்தி, "தலையணை பிழைச்சிருச்சா?" என்று தினமும் விசாரிப்பாள்.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் பிடிக்கவில்லை.

மாடத்தி ஏழாயிரம்பண்ணைக்குக் கொஞ்சம் தள்ளிக் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு கம்பெனியில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள் கணவர் சின்னச்சாமி திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் லோடு ஏற்றுகிறவர். சீசன் நேரத்தில் வாரம் ஒரு நாள்தான் வீடு வருவார். மகள் அரசுப் பள்ளியில் படித்து, அந்த ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் வாங்கியபோது ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கே மாடத்தி தீர்மானித்துவிட்டாள், தன் மகள் கண் டாக்டர் ஆக வேண்டும் என்று.

"கண்ணு டாக்டருன்னா எம்புட்டு நல்லது. ஏசி ரூம்பு. இந்தக் கண்ணு தெரியுதா, அந்தக் கண்ணு தெரியுதான்னு கேட்டுட்டு அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்" என்பாள்.

"மனுசருக்குக் கண்ணு மட்டுந்தான் இருக்காம்மா?"

"வாயும் இருக்கு. உனக்குக் கொஞ்சம் கூடுதலாவே இருக்கு."

பேச்சு இப்படி விளையாட்டாகத்தான் தொடங்கும். ஒருநாள் பானு விடாமல் கேட்டபோதுதான் அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. பானு எட்டாம் வகுப்பு படிக்கையில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பெரிய விபத்து நடந்தது. அன்றைக்கு மாடத்தி வீடு திரும்ப நேரமாகிவிட்டது. வாசலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வேனிலும் அம்மா இறங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது பானுவுக்கு மறக்கவில்லை. அவள் அவசர சிகிச்சையைத் தேர்ந்தெடுத்ததே அந்தச் சாயங்காலத்தால்தான். ஆனால் மாடத்திக்கு அதே நாளில் மறக்காமல் போனது வேறு.

"அடிபட்டவுகளோட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம்லா. கட்டடத்துக்குப் பின்னால, ஜெனரேட்டர் பக்கத்துல, உன்ன மாதிரி ஒரு டாக்டர் புள்ள ஒக்காந்திருந்துச்சு. டிபன் பாக்ஸத் தொறந்து மடியில வச்சிருக்கு. சோத்தவே பாத்துக்கிட்டு இருக்கு. கைய வைக்கல. அழுகவும் இல்ல. நான் ரெண்டு தடவ அந்தப் பக்கம் போனேன், ரெண்டு தடவையும் அப்பிடியேதான் இருந்துச்சு." கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்லா. அந்தச் சோத்தப் பொங்கி அனுப்புனவ" என்றாள்.

பானு அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம ஓடுன்னு சொல்லித்தான் உன்ன வளத்தேன். எல்லாரும் எங்கருந்து ஓடி வாராகளோ, நீ அங்கன போயி நிப்பேன்னு சொல்லுத."

அம்மா சம்மதிக்காவிட்டாலும் படித்துவிட முடியும். யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் தான் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும், அம்மா அந்த ஜெனரேட்டர் பக்கத்துப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் சோறு பொங்குவாள் என்றால், அந்தப் படிப்பை எப்படிப் படிப்பது? பானுவை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். தான் படிப்பது எதற்கு உதவும் என்று அம்மா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. கம்பெனிக்கே வந்து தீக்காய முதலுதவி பற்றிப் பேசட்டுமா என்று போர்மேன் வெள்ளைத்துரையிடம் கேட்டாள்.

"பேசுங்க தாயி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அரை மணி. அதுக்கு மேல போனா ஆர்டர் என் தலையில விடியும்" என்றார் அவர்.

ஆடி மாதம், கல்லூரிக்கு விடுமுறையான ஒரு நாளில் போனாள். கம்பெனிக்குள் வேப்பமர நிழலில் முப்பது முப்பத்தைந்து பெண்கள் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பானு ஓர் அட்டையில் கை படம் வரைந்து கொண்டு போயிருந்தாள். தீக்காயம் பட்டால் உடனே அந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும், விடாமல் இருபது நிமிடம் ஊற்ற வேண்டும் என்று சொன்னாள். பேனா மை தடவக் கூடாது, பேஸ்ட் கூடாது, ஐஸ் கூடாது, இட்லி மாவு கூடாது.

முன்வரிசையில் இருந்த செல்வலட்சுமி கையைத் தூக்கினாள். இருபத்தாறு வயது. மாடத்தியோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறவள். மாடத்தியை மதினி என்று கூப்பிடுவாள், அந்த முறையில் பானு அவளுக்கு மருமகள்.

"மருமவளே, இட்லி மாவும் கூடாதுன்னுட்டா, அரைச்சு வச்ச சட்டினிய நான் என்ன செய்ய?"

எல்லோரும் சிரித்தார்கள். பானுவும் சிரித்தாள். முடிந்ததும் பெண்கள் வந்து கன்னத்தைத் தொட்டு, "நல்லாச் சொன்ன தாயி" என்றார்கள். ஒருத்திகூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அதை அவள் வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். கூட்டத்தில் மாடத்தி மட்டும் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது உறுத்தியது.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மாடத்தி சொன்னாள்: "நல்லாத்தான் பேசுன. ஆனா ஒருத்தியும் செய்யமாட்டா."

"ஏன்?"

"கையில அலுமினியப் பொடி அப்பியிருக்கும்போது எவ தண்ணிய ஊத்துவா? மளை தூறுனாலே வேலைய நிப்பாட்டிட்டு வெளிய வந்து நிக்கோம். மருந்துல ஈரம் பட்டா தானா சூடேறிப் பத்தும்." வெடியில் அடைக்கிற ரசாயனக் கலவையை அந்தப் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்வார்கள். "மருந்துக்கிட்ட தண்ணியக் கொண்டு போகாத, கொண்டு போகாதன்னு சேந்த நாள்லருந்து சொல்லிக் குடுக்க எடம் அது. அங்கன வந்து நின்னுக்கிட்டு, பட்டதும் ஊத்துன்னு சொல்லுத. அவளுக ஒன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு தலைய ஆட்டுனாளுக."

பானுவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அங்கனயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடியா? எம் மகள நானே கொறைச்சுப் பேசவா?"

வீட்டு வாசலுக்கு வந்ததும் மாடத்தி வழக்கம்போல நின்றாள். சேலையை உதறினாள். கொடியில் கிடந்த உலர்ந்த துணியை எடுத்து விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரை அழுத்தித் துடைத்தாள். பிறகுதான் தொட்டித் தண்ணீருக்குப் போனாள். பானு இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஏன் முதலில் துடைக்கிறாய், நேரே கழுவினால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் முதலுதவிப் புத்தகத்தை எடுத்தாள். தீயால் வெந்த காயம் பற்றிய பகுதியை மூன்று முறை படித்துக் கோடு போட்டிருந்தாள். அடுத்த பகுதி ரசாயனக் காயம். அது தேர்வுக்கு வராது என்று யாரோ சொல்ல, அதைத் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது: பொடி உலர்ந்திருந்தால் முதலில் தட்டியும் துடைத்தும் நீக்குக, அதன் பின்னரே தண்ணீர், தாராளமாக. பட்டாசுக் கம்பெனிக்குப் பேசப் போகிற, அதுவும் அங்கேயே வேலை பார்க்கிறவள் பெற்ற பிள்ளை, அந்த ஒரு பக்கத்தைப் புரட்டாமல் போயிருக்கிறாள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "நீ சொன்னது சரிதான்மா. மொதல்ல பொடியத் தட்டணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"எழுதுனவரு எந்தக் கம்பெனியில வேலை பாத்தாராம்?"

"ஆனா தட்டுன பிறகு தண்ணி ஊத்தணும்மா. அதுவும் போட்டிருக்கு. பொடி போயிருச்சுன்னா தண்ணி ஒண்ணும் செய்யாது, நல்லதுதான் செய்யும்."

"சரி, சாப்பிட்டியா?" என்றாள் மாடத்தி.

ஆவணி கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். அவசரப் பிரிவில் கூட்டம் குறைவாக இருந்தது. பானுவின் போனில் வெள்ளைத்துரையின் பெயர் வந்தது. கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, வாசல் ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கிருந்து இந்த நேரத்துக்குப் போன் வருகிறதென்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

எடுத்தாள். மாடத்தியின் குரல். "ஏட்டி, செல்வலட்சுமி கை. திரி வெட்டுற எடத்துல பொரிஞ்சு புடிச்சிருச்சு. எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம். தீ நின்னுருச்சு."

"நீ? உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"நெசமாவா? முகத்துல, கையில—"

"எனக்கு ஒண்ணுமில்லங்கேன்லா. என்ன விட்டுட்டு அவளக் கேளு."

மருந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற வீரலட்சுமி சிஸ்டர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பானு போனை இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எங்கன இருக்கீக? அறையை விட்டுத் தள்ளி வந்துட்டீகளா?"

"வாசல் மரத்தடியில இருக்கோம்."

"முகத்துல பட்டிருக்கா? மூச்சு விடக் கஷ்டப்படுதாளா? பேச்சு வருதா?"

"பேச்சா? வெள்ளைத்துரையோட அஞ்சு தலைமுறைய இளுத்துக்கிட்டு இருக்கா. முகத்துல இல்ல. வலது கை, மணிக்கட்டுக்கு மேல வரைக்கும்."

பின்னால் செல்வலட்சுமியின் குரல் கணீரென்று கேட்டது. பானுவுக்கு அந்த வசவைக் கேட்டதும் உயிர் வந்தது. வெள்ளைத்துரை வண்டி தயார், ஏத்துங்க ஏத்துங்க என்று கத்துவதும் கேட்டது.

"அம்மா, இன்னும் ஏத்தாத. கையில பொடி இருக்கா?"

"பூரா வெள்ளியா மின்னுது."

"உலந்த துணி எடு. பருத்தித் துணி. பொடிய ஒத்தித் தட்டி எடு. தேய்க்காத. கண்ணுல விளாம அவ முகத்த அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. மேல போட்டிருக்க சட்டையோட கைய வெட்டி விட்டுரு. கையில வளையல், மோதிரம்?"

"வளையலக் கழத்திட்டேன். ஒரு செம்பு மோதிரம் இருக்கு. இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டுப் போட்டது. கழத்த மாட்டேங்கா."

"வீங்கிருச்சுன்னா விரலு போயிரும்மா. கழத்து."

மாடத்தி அவளிடம் சொல்வது கேட்டது. "ஏளா, மாரியாத்தாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். உன் விரல வச்சுக்கிட்டு அவ என்ன செய்யப் போறா? இந்தா, என் முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். பத்திரமா இருக்கும்." துணியால் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பொடி போயிருச்சு. இடுக்குலயும் எடுத்துட்டேன்."

"தண்ணி ஊத்தும்மா."

காற்று போனில் உரசுகிற சத்தம் மட்டும். பானுவுக்குத் தெரியும், அம்மாவைச் சுற்றி முப்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தான் தப்பாகச் சொல்லியிருந்தால் செல்வலட்சுமியின் கை என்ன ஆகும் என்பதோடு, ஊற்றியவள் மாடத்தி என்று அந்தக் கம்பெனி இருக்கிற வரைக்கும் பேச்சு இருக்கும். பானு இன்னும் ஒரு நோயாளிக்கு ஊசிகூடப் போட்டதில்லை. நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தாள்.

"சரியாத்தான் சொல்லுத. சொல்லு, நான் இங்கனதான் நிக்கேன்" என்றார் அவர் மெதுவாக.

"அம்மா, பொடி போயிருச்சுன்னு நீயே பாத்துட்டேல்லா. இனி ஊத்து."

"ஊத்தவா?"

"ஊத்து. இருவது நிமிசம். நல்லாத்தான் பேசுதா, மூச்சும் நல்லா இருக்கு. வண்டி நிக்கட்டும்."

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. செல்வலட்சுமியின் வசவு சட்டென்று நின்றது. பானு போனை நோக்கிக் குனிந்தாள். பிறகு, "எம்மா... மதினி, நிப்பாட்டாத" என்று தேய்ந்த குரலில் வந்தது.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துக் கட்டுப் போட்டு, 108 வண்டியில் விருதுநகருக்கு அனுப்பினார்கள். வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. பச்சைப் பக்கமா மஞ்சள் பக்கமா என்று பானு யோசிப்பதற்குள், வாசலில் இருந்தவர்கள் மஞ்சளுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வலட்சுமிக்குப் பின்னால் மாடத்தி வந்தாள். புடவை முன்பக்கம் முழுக்க நனைந்து காய்ந்திருந்தது. முந்தி முடிச்சை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பணியில் இருந்த டாக்டர் முத்துப்பாண்டி கட்டைப் பிரித்துப் பார்த்தார். கொப்புளமும் சிவப்புமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார். "இதுல தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

மாடத்தி எழுந்து நின்றாள். "நாந்தான் சார். பொடிய எடுத்துட்டுத்தான் சார் ஊத்துனேன். வேணும்னு செய்யல."

"நல்ல காரியம் செஞ்சிருக்கீங்க. இதுக்கு மேல ஆழமாப் போகாம நின்னுருக்கு. விரலு மடங்கும். உக்காருங்கம்மா."

மாடத்தி உட்காரவில்லை. அவள் கண்கள் மகளைத் தேடின. பானு அங்கே பெரிதாக ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை. செல்வலட்சுமியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஊசி போடும்போது இந்தப் பக்கம் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவுக்குத்தான் அவளுக்கு அனுமதி.

"பாத்துப் புடி மருமவளே, அந்தக் கையாவது எனக்கு வேணும்" என்றாள் செல்வலட்சுமி.

அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கு, பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாலைந்து பேர் அங்கே நகர்ந்தார்கள். மாடத்தி சுவரோரம் ஒதுங்கி நின்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் ஓடவில்லை. எட்டு வைத்து வேகமாக நடந்தார்கள். ஒருவர் கேட்பதற்கு முன்னால் இன்னொருவர் எடுத்து நீட்டினார். விழுந்தவர் கண் திறந்து தண்ணீர் கேட்டபோது யாரோ ஒரு பகடி சொன்னார், அவரும் பல் தெரியச் சிரித்தார்.

செல்வலட்சுமியை வார்டுக்கு அனுப்பியபின் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"மத்தியானம் சாப்பிட்டியா?" என்றாள் மாடத்தி.

"சாப்பிட்டேன். சாப்பிடாம வந்தா சிஸ்டர் உள்ள விடமாட்டாக."

மாடத்தி கண்ணாடிக் கதவு வழியாக வீரலட்சுமி சிஸ்டரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "அவுகளுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

ஆயுத பூசையன்று கம்பெனியில் வேலை கிடையாது. மருந்தெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டி, அறைகளைக் கழுவி, வாசலில் மாவிலை கட்டி, சாமி கும்பிட்டுப் பொரி கடலை கொடுப்பார்கள். எல்லோரும் குளித்துத் தலைக்குப் பூ வைத்து வந்திருப்பார்கள். அன்றைக்குக் காலையில் மாடத்தி, "நீயும் வா. இந்தவாட்டி நான் சொல்லுதேன். நீ கைய மட்டும் குடு" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வேப்பமரத்தடியில் பானுவை ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். அவள் வலது கையில் முழங்கை வரை கோலப்பொடியைப் பூசினாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். செல்வலட்சுமி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்துக்கோங்க. மொதல்ல ஓடணும். அத மாத்தல. தூர ஓடி நின்ன பெறகுதான் இது" என்றாள் மாடத்தி. மேடைப் பேச்சு அவளுக்கு வராது. சமையல் சொல்கிற மாதிரி சொன்னாள். "வளையல் மோதிரம் எல்லாம் கழத்திரணும். சாமிக்குப் போட்டதுன்னாலும் கழத்திரணும். வீங்குன பெறகு வராது. அடுத்து உலந்த துணி. இப்பிடி, ஒத்தி, தட்டி. இடுக்குல பாக்கணும். நகத்துல பாக்கணும். வெள்ளை ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. இருந்தா தண்ணியத் தொடாதீக. இல்லைன்னு ஆன பெறகு..."

குடத்தைச் சாய்த்தாள். அக்டோபர் வெயிலில் தண்ணீர் சில்லென்று பானுவின் கையில் விழுந்து மண்ணில் இறங்கியது.

"எம்புட்டு நேரம்க்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இருவது நிமிசம்."

"இருவதும் ஊத்திக் காட்டப் போறியா?"

"ஊத்துனாத்தான் தெரியும், எம்புட்டு நேரம்னு."

செல்வலட்சுமி வெள்ளைத்துரையின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்துக்கு எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். பிறகு பொரி வந்தது. பேச்சு புடவை, பிள்ளைகள், தீபாவளி ஆர்டர் என்று நகர்ந்தது. ஒருத்தி குடம் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "தண்ணி கம்மியா விளுது மதினி, எனக்கு ஊத்துனது இத விடக் கூட" என்று செல்வலட்சுமி குறை சொன்னாள். பானுவின் கை விறைக்கத் தொடங்கியது. மாடத்தி மகளின் மணிக்கட்டைத் தன் இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, விரலுக்கு விரல் தண்ணீரை நகர்த்தி நகர்த்தி விட்டாள். இப்படி அம்மா தன் கையைப் பிடித்துக் கழுவிவிட்டது எந்த வயதோடு நின்றது என்று பானு யோசித்துப் பார்த்தாள். நினைவில் இல்லை.

"அங்கன ராத்திரி வேலையும் உண்டாமே" என்றாள் மாடத்தி, இவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"உண்டும்மா."

"வாரத்துக்கு எத்தன நாளு?"

"ரெண்டு நாளு இருக்கும். சில நேரம் மூணு."

"பொம்பளைப் புள்ளைக்குப் படுக்க எடம் இருக்கா?"

"ஒரு ரூம்பு இருக்கு."

"கதவு உள்பக்கம் தாப்பா போடுத மாதிரியா?"

"பாத்ததில்லம்மா. பாத்துச் சொல்லுதேன்."

"பாத்துச் சொல்லு. சிஸ்டரக் கேட்டாத் தெரியும்." குடம் காலியாகிவிட்டது. அடுத்த குடத்தை எடுத்து இடுப்பில் முட்டுக் கொடுத்துச் சாய்த்தாள். "காலையில பசியெடுக்கும்லா, முளிச்சிருந்தா?"

பானு சிரித்துவிட்டாள். "அதுக்கெல்லாம் இன்னும் நாலு வருசம் இருக்கும்மா."

"இருக்கட்டும். கேட்டு வச்சுக்கிடுதேன்" என்றாள் மாடத்தி. "கைய நீட்டு, சுருக்காத."

"இன்னும் எட்டு நிமிசம்" என்றாள் செல்வலட்சுமி, பொரியை மென்றுகொண்டே.